வரலாற்று ஸ்ட்ராட்டஜி கேமில் சோர்ந்து கிடக்கும் மத அமைப்பைச் சரிசெய்வது எப்படி

யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 கேமில் ஆட்டோமன் பேரரசை எடுத்துக்கொண்டு 1444-இல் ஆரம்பித்தால் நம்மில் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். பால்கனில் ஒரு மாகாணத்தைப் பிடிக்கிறோம், மிஷனரியை அனுப்புகிறோம், மதமாற்றம் எவ்வளவு ஆனது என்று காட்டும் கோடு நிரம்பும்வரை காத்திருக்கிறோம். நிரம்பிய நாளில் அந்த மாகாணம் மொத்தமும் ஒரே மூச்சில் மதம் மாறிவிடுகிறது, அப்புறம் அடுத்த மாகாணம். நிஜத்தில் ஆட்டோமன் ஆட்சி பல நூற்றாண்டுகள் நீடித்தும் கிரேக்கர்களும் செர்பியர்களும் பல்கேரியர்களும் பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களாகவே இருந்தார்கள். சுல்தானுக்கு அதில் நஷ்டம் இல்லை. முஸ்லிம் அல்லாதவர்கள் கட்டிய ஜிஸியா வரி கருவூலத்துக்கு நல்ல வருமானம். அவர்களுடைய திருமணம், வாரிசுரிமை போன்ற விவகாரங்களைப் பார்த்துக்கொள்ள கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு பேட்ரியார்க் (ஆர்த்தடாக்ஸ் திருச்சபைத் தலைவர்) இருந்தார், அவரைப் பதவியில் வைப்பதும் எடுப்பதும் சுல்தான் கையில் இருந்தது. எல்லோரையும் மதம் மாற்றினால் வரியும் போகும், அந்தப் பிடியும் போகும்.

கேமில் திம்மி எஸ்டேட் (முஸ்லிம் நாட்டில் வாழும் பிற மதத்தவருக்கான பிரிவு) மாதிரி சில விஷயங்கள் பின்னால் வந்தன, மறுக்கவில்லை. ஆனாலும் பிளேயர் மனசில் இருக்கும் கணக்கு மாறவில்லை: மேப் முழுவதும் ஒரே மதமானால் கலவரம் குறையும், வரி ஏறும், அதனால் மாற்று. இந்த வகைக் கேம்களில் மதம் பலவீனமாகத் தெரிவதற்கு ஈவண்ட் (இடையில் வந்து பிளேயரிடம் முடிவு கேட்கும் நிகழ்ச்சி) போதாதது காரணம் என்று நான் நினைக்கவில்லை. மத முடிவு எடுத்தால் யாரும் எதையும் இழப்பதில்லை, இழந்தாலும் திருப்பி அடிக்க அவர்கள் கையில் எதுவும் இல்லை, அதுதான் காரணம். இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு ஓட்டையை அடைப்பதற்கான வேலைகள். யூரோப்பா 4-ஐ முக்கிய உதாரணமாக வைத்துக்கொள்கிறேன், ஆனால் மாட் (ஆடுகிறவர்களே கேமில் எழுதிச் சேர்க்கும் மாற்றம்) எழுத இடம்கொடுக்கும் எந்தக் கேமிலும் செய்யலாம், சொந்தமாகக் கேம் எழுதுகிறவர்களுக்கும் பொருந்தும்.

எழுதுவதற்கு முன்னால்

ஒரு முழு ஆட்டம் ஆடுங்கள், பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மதம் காரணமாக உங்கள் திட்டம் மாறிய ஒவ்வொரு தடவையும் ஒரு வரி குறித்து வையுங்கள். ஒரு போரைத் தள்ளிப் போட்டீர்களா, ஒரு கல்யாணத்தைத் தவிர்த்தீர்களா, ஒரு மாகாணம் கிடைத்தும் வேண்டாம் என்றீர்களா? கலவரத்தை அடக்கப் படை அனுப்பியதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது எந்தக் கலவரத்துக்கும் நடப்பது. நான் முதல்முறை இப்படிக் குறித்தபோது இருநூறு ஆண்டு ஆட்டத்தில் நான்கே வரிகள் தேறின. அதற்கு முன் நாற்பது மத ஈவண்ட் எழுதிச் சேர்த்திருந்தேன், அதில் ஒன்றுகூட அந்த நான்கில் இல்லை. ஈவண்ட் வந்தது, இரண்டு பொத்தானில் ஒன்றை அழுத்தினேன், மறந்தேன். அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான் ஈவண்ட் எழுதுவதை நிறுத்திவிட்டு அடித்தளத்துக்குப் போனேன்.

அரசர் மதம் வேறு, அரசின் மதம் வேறு, மக்கள் மதம் வேறு

பல கேம்களில் நாட்டுக்கு ஒரு மதம், மாகாணத்துக்கு ஒரு மதம், அவ்வளவுதான். அரசர் மதம் மாறினால் நாடும் மாறிவிட்டது என்று அர்த்தம். ஆனால் வரலாற்றில் மிகச் சுவையான நெருக்கடிகள் எல்லாம் இந்த மூன்றும் பிரிந்து நின்ற இடங்களில்தான் நடந்தன. சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ் 1697-இல் போலந்தின் அரசராவதற்காகக் கத்தோலிக்கரானார், ஆனால் சாக்சனி லூத்தரன் நாடாகவே இருந்தது, அவருடைய மனைவிகூட மாறவில்லை, போலந்துக்குப் போகவும் இல்லை. பிராண்டன்பர்க்கின் யோகான் சிகிஸ்மண்ட் 1613-இல் கால்வினிஸ்ட் ஆனார், குடிமக்கள் லூத்தரன்களாக நின்றார்கள், கடைசியில் விட்டுக்கொடுத்தது அவர்தான். இங்கிலாந்தில் இரண்டாம் ஜேம்ஸ் கத்தோலிக்கராக ஆங்கிலிக்கன் நாட்டை ஆண்டார், 1688-இல் நாட்டை விட்டே ஓட வேண்டியதாயிற்று. மூவருக்கும் ஒரே பிரச்சினை, மூன்று வேறு முடிவுகள். ஒரு நல்ல அமைப்பு இந்த மூன்று முடிவுக்கும் வழி விட வேண்டும்.

செய்வது கடினமில்லை. நாட்டின் மதத்தைக் கேம் வைத்திருக்கும் இடத்திலேயே விடுங்கள், அது சட்டப்படியான மதம். அரசரின் சொந்த மதத்தை ஒரு கொடியாக, அதாவது கேம் நினைவில் வைத்துக்கொள்ளும் ஒரு குறியாக, தனியே வையுங்கள். இரண்டும் ஒன்றானால் எந்த விளைவும் வேண்டாம், சும்மா இருக்கட்டும். வேறுபட்டால் மட்டும் இரண்டு எண்கள் உயிர் பெற வேண்டும்: அரசருடைய மதத்தைச் சேர்ந்த வெளிநாடுகளின் நட்பு ஏறும், உள்நாட்டில் மதகுருமாரின் விசுவாசம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். வாரிசு எந்த மதத்தில் வளர்க்கப்படுகிறார் என்பதுதான் இதில் வெடிமருந்து. இரண்டாம் ஜேம்ஸுக்கு 1688-இல் ஆண் குழந்தை பிறந்தபோதுதான் பொறுமையாகக் காத்திருந்த பிரபுக்கள் பொறுமை இழந்தார்கள், அதுவரை அடுத்து வரும் மகள் புராட்டஸ்டன்ட் என்ற நிம்மதி அவர்களுக்கு இருந்தது. ஆகவே வாரிசு பிறக்கும் நேரத்தில் ஒரே ஒரு ஈவண்ட் வையுங்கள், பிள்ளையை எந்த மதத்தில் வளர்ப்பது என்ற கேள்வியோடு. அந்த ஒரு ஈவண்ட் நான் எழுதிய பழைய நாற்பதையும்விடக் கனமானது.

மாகாணத்துக்குள் கலப்பு

இம்பரேட்டர் ரோம், விக்டோரியா 2 போன்றவற்றில் மக்கள்தொகை அலகு ஒவ்வொன்றுக்கும் தனி மதம் உண்டு, அங்கே இந்த வேலை பாதி முடிந்துவிட்டது. யூரோப்பா 4 மாதிரி ஒரு மாகாணத்துக்கு ஒரு மதம் என்று இருந்தால் வேரியபிள் (நாமே வைக்கும் மாறும் எண்) வைத்துச் சமாளிக்க வேண்டும். எல்லா மதங்களுக்கும் சதவீதம் வைக்கப் போகாதீர்கள், பெரும்பான்மை ஒன்று, பெரிய சிறுபான்மை ஒன்று, அதன் பலம் 0 முதல் 100 வரை. இவ்வளவு போதும். சிறுபான்மை 50-ஐத் தாண்டினால் இரண்டும் இடம் மாறும், அப்போது மட்டும் கேமின் மாகாண மதத்தை மாற்றுங்கள்.

நகரும் வேகம்தான் முக்கியம். நேர்கோடாக நகர விடாதீர்கள். புது மதம் முதல் 10 சதவீதத்தை எட்டுவது மெதுவாக இருக்க வேண்டும், 20-லிருந்து 60 வரை வேகம் பிடிக்க வேண்டும், 85-க்கு மேல் ஏறக்குறைய நின்றுவிட வேண்டும். கடைசி 10 சதவீதம் எத்தனை தலைமுறையானாலும் போகாது, போகவும் கூடாது. எகிப்தை அரபுப் படைகள் 642-க்குள் பிடித்துவிட்டன, காப்டிக் கிறிஸ்தவர்கள் இன்றும் அங்கே லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள். இந்தக் கடைசிப் பகுதியைத் துடைக்க பிளேயர் ஆசைப்பட்டால் கட்டாய வெளியேற்றம் ஒன்றுதான் வழி, அதற்கு உண்டான விலையைக் கொடுக்கட்டும். ஸ்பெயின் 1609 முதல் 1614 வரை மொரிஸ்கோக்களை (கிறிஸ்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழிவந்தவர்களை) வெளியேற்றியபோது வலென்சியாவில் வயலில் வேலை செய்ய ஆள் இல்லாமல் போயிற்று. அந்த மாகாணத்தின் உற்பத்தி நாற்பது ஐம்பது ஆண்டுக்கு எழுந்திருக்காதபடி வையுங்கள், இருபது சதவீதம் ஐந்து ஆண்டுக்குக் குறைப்பதெல்லாம் யாரையும் யோசிக்க வைக்காது.

வேகத்தை எது தீர்மானிக்கிறது? பெரும்பாலான மாட்களில் பணம். மிஷனரிக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்தால் வேகம் கூடும். என்னுடைய அனுபவத்தில் பணத்தைவிட நல்ல தடை, ஆட்கள். ஷா இஸ்மாயில் 1501-இல் ஷியா இஸ்லாமை ஈரானின் அரசு மதமாக அறிவித்தபோது அதைச் சொல்லிக்கொடுக்கப் போதுமான ஷியா அறிஞர்கள் நாட்டில் இல்லை. அவருடைய வம்சத்தினரான சஃபாவிகள் இன்றைய லெபனானில் இருக்கும் ஜபல் ஆமில் பகுதியிலிருந்து அறிஞர்களை வரவழைத்தார்கள். மதமாற்றம் பல தலைமுறைகள் எடுத்தது. இதைக் கேமில் கொண்டுவர நாட்டளவில் மதகுருமார் எண்ணிக்கை என்று ஒரு வேரியபிள் வையுங்கள். பெரிய மடங்களும் பள்ளிகளும் இருக்கும் மாகாணங்கள் ஆண்டுக்குக் கொஞ்சம் தரும், ஒரே மதத்தைச் சேர்ந்த வேறு நாட்டிலிருந்து கேட்டு வாங்கலாம். அந்த இருப்பை மதமாற்றத்துக்குச் செலவழிக்கலாம், அல்லது நிர்வாகத்துக்கும் கல்விக்கும் செலவழிக்கலாம், இரண்டுக்கும் சேர்த்துப் போதாது. இந்தப் பற்றாக்குறை ஒன்றே பிளேயரை ஒவ்வொரு மாகாணத்துக்கும் முன்னால் நின்று யோசிக்க வைக்கும்.

சொத்து: இதை மட்டுமாவது செய்யுங்கள்

உங்களுக்கு இரண்டு நாள்தான் நேரம் இருக்கிறது, ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். மத நிறுவனங்களுக்கு நிலம் கொடுங்கள்.

கேம்களில் தேவாலயம் என்பது மாகாணத்தில் கட்டும் ஒரு கட்டடம், வரி கூட்டும். வரலாற்றில் அது நிலவுடைமையாளர், கடன் கொடுப்பவர், எழுத்தறிந்தவர்களைத் தருபவர், சில இடங்களில் படை வைத்திருப்பவர். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் கோயிலுக்கு வந்த பணத்தை ஊர்ச் சபைகளுக்கு வட்டிக்குக் கொடுத்த கணக்கு இருக்கிறது. ஐரோப்பிய மடங்களுக்குச் சாகும் தறுவாயில் இருந்தவர்கள் நிலம் எழுதிவைத்தார்கள், எழுதிவைத்த நிலம் திரும்பி வராது, அதில் அரசனுக்கு வரவேண்டிய உரிமைத் தொகைகளும் நின்றுபோகும். இங்கிலாந்தில் முதலாம் எட்வர்ட் 1279-இலும் 1290-இலும் இதைத் தடுக்கச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஆகவே மாகாணத்துக்கு ஒரு எண்: மத நிறுவனங்களின் நிலப் பங்கு. தொடக்கத்தில் 10-லிருந்து 30 வரை இடத்துக்குத் தகுந்த மாதிரி வைத்து, ஆண்டுக்கு 0.1 தானாக ஏறும்படி விடுங்கள். அந்தப் பங்குக்கு வரி வராது. பதிலுக்கு அரசருக்கு அங்கீகாரம் கிடைக்கும், குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்கும், பஞ்சம் வந்தால் மக்கள்தொகை இழப்பு குறையும். ஐம்பது ஆண்டு கழித்துப் பார்த்தால் வரிப்பணம் கண்ணுக்குத் தெரிந்து குறைந்திருக்கும், பிளேயரின் கை தானாகவே பறிமுதல் பொத்தானை நோக்கிப் போகும்.

அந்தப் பொத்தான் இருக்க வேண்டும், அழுத்தினால் பெருந்தொகை கொட்ட வேண்டும். எட்டாம் ஹென்றி 1536-லிருந்து 1540-க்குள் சுமார் எண்ணூறு மடங்களை மூடினார். ஸ்வீடனில் குஸ்தாவ் வாசா 1527-இல் திருச்சபைச் சொத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டார். சீனாவில் தாங் பேரரசர் ஊசோங் 845-இல் நான்காயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்களை இடித்து, இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட துறவிகளைத் திரும்ப வரி கட்டும் குடிகளாக்கினார் என்று அரசு ஆவணங்கள் சொல்கின்றன. ஒரே வேலையை மூன்று வேறு மதச் சூழலில் செய்திருக்கிறார்கள், அதனால் இந்தப் பொத்தானை ஒரு மதத்துக்கு மட்டும் பூட்டி வைக்காதீர்கள்.

இனிமேல் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஹென்றி அந்த நிலங்களைக் கையில் வைத்துக்கொள்ளவில்லை, போருக்குப் பணம் வேண்டி பிரபுக்களுக்கும் பணக்காரர்களுக்கும் விற்றார். அவருடைய மகள் மேரி 1553-இல் அரசியாகி நாட்டைத் திரும்பவும் கத்தோலிக்கமாக்கினார், ரோம் அவரை ஏற்றுக்கொண்டது, பாராளுமன்றமும் தலையாட்டியது, ஆனால் நிலத்தை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை. வாங்கியவர்கள் கையிலேயே இருக்கட்டும் என்று போப்பின் தூதரே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அதாவது அந்த நிலம் யாரிடம் போனதோ அவர்கள் அப்போதிருந்து பழைய மதம் முழுமையாகத் திரும்புவதை எதிர்க்கக் காரணம் உள்ளவர்கள். இதைக் கேமில் எழுதுவது சுலபம். பறிமுதல் செய்யும்போது நிலப் பங்கு எவ்வளவு குறைகிறதோ அதே அளவு நிலம் வாங்கியவர்கள் என்ற இன்னொரு எண் ஏறட்டும். பின்னால் யாராவது பழைய மதத்துக்குத் திரும்ப நினைத்தால், நிலத்தையும் மீட்கப்போகிறீர்களா என்று கேளுங்கள். மீட்டால் அந்த எண்ணுக்கு ஏற்பப் பிரபுக்கள் கலகம், மீட்காவிட்டால் மதகுருமாரின் விசுவாசம் பாதிதான். இப்படிச் செய்தால் மதமாற்றம் விருப்பப்படி போட்டுக் கழற்றும் சட்டையாக இருக்காது, எடுத்த முடிவு அடுத்த நூறு ஆண்டுக்கும் ஆட்டத்தில் கிடக்கும்.

சகிப்புத்தன்மை என்பது ஒப்பந்தம்

சகிப்புத்தன்மை பிளஸ் 2, மைனஸ் 3 என்று எண்ணாக இருந்தால் அதை ஏற்றுவதற்கு பிளேயர் ஒரு ஐடியா (நிரந்தரப் பலன் தரும் கேம் தேர்வு) எடுப்பார், முடிந்தது. அதை எழுதிக் கையெழுத்துப் போட்ட பத்திரமாக மாற்றுங்கள். 1598-இன் நாந்த் ஆணை ஒரு மாதிரி. பிரான்சின் நான்காம் ஹென்றி ஹியூகனாட்டுகளுக்கு (பிரெஞ்சு புராட்டஸ்டன்ட்களுக்கு) வழிபடும் உரிமை கொடுத்தார், பதவிகளுக்கு வரலாம் என்றார், வழக்குகளுக்குக் கலப்பு நீதிமன்றம் வைத்தார், பாதுகாப்புக்குச் சில கோட்டை நகரங்களையும் விட்டுக்கொடுத்தார். அடுத்து வந்த பதின்மூன்றாம் லூயி காலத்தில் அவர்களுடைய கோட்டை நகரமான லா ரொஷெல் முற்றுகையிடப்பட்டு 1628-இல் விழுந்தது, 1629-இல் கோட்டைகள் பறிபோயின, ஆனால் வழிபாட்டு உரிமை நின்றது. 1685-இல் பதினான்காம் லூயி மொத்த ஆணையையும் ரத்து செய்தார், இரண்டு லட்சம் பேர் அளவில் நாட்டை விட்டுப் போனார்கள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதே ஆண்டு பிராண்டன்பர்க் தன் கதவைத் திறந்து அவர்களை வரவேற்று ஆணை வெளியிட்டது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, உரிமைகள் தனித்தனிச் சங்கிலிக் கண்ணிகள், ஒவ்வொன்றாகக் கழற்றலாம். நான் வைப்பது ஐந்து: வழிபாடு, பதவி, நீதிமன்றம், தனி வரியிலிருந்து விலக்கு, கோட்டை. ஒவ்வொன்றையும் கொடுத்தால் சிறுபான்மை மாகாணங்களில் அமைதி ஏறும், உங்கள் சொந்த மதகுருமாரின் விசுவாசம் இறங்கும். கோட்டை கொடுத்தால் அமைதி மிக அதிகம், ஆனால் கலகம் வந்தால் அந்தக் கோட்டை அவர்கள் கையில் ஆரம்பிக்கும். கொடுத்ததை எடுத்தால் கொடுக்காமலே இருந்ததைவிட மூன்று மடங்கு கோபம். வெளியேறுகிறவர்கள் அந்தரத்தில் மறையக் கூடாது, பக்கத்தில் அதே மதத்தை ஏற்கும் நாடு ஒன்றின் வளர்ச்சியில் போய்ச் சேர வேண்டும். எதிரி நாட்டின் பட்டறைகளை உங்கள் ஆட்களே நிரப்புகிறார்கள் என்று டூல்டிப்பில் (சுட்டியை வைத்தால் தோன்றும் குறிப்பில்) பார்க்கும்போது பிளேயருக்கு உறைக்கும்.

தனி வரியை மறந்துவிடாதீர்கள். அக்பர் 1564-இல் ஜிஸியாவை எடுத்தார், ஔரங்கசீப் 1679-இல் திரும்ப விதித்தார். சிறுபான்மை எவ்வளவு பெரிதோ அவ்வளவு வருமானம், எனவே இந்த வரியை நம்பியிருக்கும் அரசுக்கு மதமாற்றம் வேகமாக நடப்பது வருமான இழப்பு. முதலில் சொன்ன பால்கன் ஓட்டை இங்கேதான் அடைபடுகிறது.

அரசர் எப்போதும் ஒரு கட்சி என்று நினைத்து எழுதாதீர்கள், நடுவராகவும் இருக்கலாம். விஜயநகரத்தின் முதலாம் புக்கர் 1368-இல் சமணர்களுக்கும் வைணவர்களுக்கும் வந்த தகராறைத் தீர்த்துவைத்தது சிரவணபெளகொளக் கல்வெட்டில் இருக்கிறது. வைணவர்களே சமணர்களுக்குக் காவலாக இருக்க வேண்டும் என்ற வகையில் தீர்ப்பு போயிற்று. இரண்டு சமூகங்களும் அரசரிடம் வந்து நிற்கும் ஈவண்ட் சங்கிலி ஒன்று வைத்தால் மூன்றாவது மதத்தைச் சேர்ந்த அரசருக்கும் வேலை இருக்கும்.

பிளவு எப்போது பிறக்கும்

தேதி பார்த்து வரும் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தம் முதல் ஆட்டத்தில் நன்றாக இருக்கும், நான்காவது ஆட்டத்தில் 1500 நெருங்கியதும் பிளேயர் தயாராகக் காத்திருப்பார். தேதிக்குப் பதில் அழுத்தம் வையுங்கள். குருசேடர் கிங்ஸ் 3-இல் ஃபெர்வர் என்று ஒன்று உண்டு, ஊழல் மதகுருக்கள் அம்பலமானால் இறங்கும், இறங்கினால் மக்கள் வேறு நம்பிக்கைக்குச் சாய்வது சுலபம். நல்ல விதை அது. அதற்கு மேல் நான் மூன்று நிபந்தனை சேர்ப்பேன்: நிறுவனத்தின் மேல் கோபம், கருத்தைப் பரப்பும் வழி, காப்பாற்றும் ஒரு கை. மூன்றும் சேராமல் பிளவு நிற்காது. பொஹீமியச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ் 1415-இல் எரிக்கப்பட்டார், அவருக்குப் பின்னால் பொஹீமியப் பிரபுக்களும் நகரங்களும் நின்றதால் அவர்கள் மேல் ஏவிய சிலுவைப் போர்கள் எல்லாம் தோற்றன, கடைசியில் 1436-இல் சமரசம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. அச்சகம் இல்லாமலே இவ்வளவு. லூத்தருக்கு அச்சகமும் இருந்தது, அவரைக் காப்பாற்றிய சாக்சனி ஆட்சியாளர் ஃபிரெடெரிக்கும் இருந்தார்.

நாலாவதாக ஒன்று, அடக்க வேண்டியவருக்கு நேரம் இருக்கிறதா என்பது. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் ஒவ்வொரு முறையும் பிரான்ஸுடனோ ஆட்டோமன்களுடனோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார், 1529-இல் வியன்னாவே முற்றுகையில் இருந்தது, 1532-இல் துருக்கியர் படையெடுப்பைச் சமாளிக்க புராட்டஸ்டன்ட் இளவரசர்களுடன் தற்காலிகச் சமாதானம் செய்துகொண்டார். 1546-இல் கையை ஓங்கியபோது காலம் கடந்துவிட்டது, 1555-இல் ஆக்ஸ்பர்க் சமாதானத்தில் லூத்தரன் மதத்துக்கு இடம்கொடுக்க வேண்டியதாயிற்று. எனவே அழுத்தம் எல்லையைத் தாண்டியதும் பிளவு பிறக்கட்டும். அடுத்த இருபது ஆண்டு அது குழந்தை, அப்போது மேலதிகாரியான நாடு வேறு போரில் இல்லாமல் இருந்தால் சுலபமாக அழிக்கலாம், போரில் இருந்தால் அது வேர்விடும். இந்த ஒரு விதி மதத்தையும் வெளியுறவையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது, உங்கள் எதிரியின் நாட்டில் பிளவு பிறந்ததும் அவர்மேல் போர் தொடுக்கத் தோன்றும்.

மேலிருந்து வரும் சீர்திருத்தமும் பிளக்கும். ரஷ்யாவில் திருச்சபைத் தலைவர் நிக்கோன் 1650-களில் வழிபாட்டு நூல்களையும் சிலுவை இடும்போது விரல்களை வைக்கும் முறையையும் திருத்தினார், ஏற்காதவர்களை 1666-67 திருச்சபைக் கூட்டம் ஒதுக்கியது, பழைய நம்பிக்கையாளர்கள் என்று ஒரு பெரும் சமூகமே காடுகளுக்கும் எல்லைகளுக்கும் நகர்ந்தது. காலியான எல்லை மாகாணங்களில் குடியேற்றமாக இதைக் காட்டலாம்.

எல்லா மதத்தையும் கத்தோலிக்க அச்சில் வார்க்காதீர்கள்

போப், மிஷனரி, சிலுவைப் போர் என்ற அச்சை வைத்துக்கொண்டு இந்து, பௌத்த, ஷிண்டோ மதங்களையும் அதிலேயே ஊற்றும் பழக்கம் பல மாட்களில் இருக்கிறது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்றை விட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத இடங்களில் மதமாற்றக் கோடு பொருளற்றது. அங்கே ஆதரவு என்ற எண் வையுங்கள். சைவரான முதலாம் ராஜராஜன் ஆட்சியில் ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் கட்டிய பௌத்த விகாரத்துக்கு ஒரு ஊரின் வருவாய் எழுதிவைக்கப்பட்டது. அதற்காக யாரும் மதம் மாறவில்லை, கடல் கடந்த உறவு கிடைத்தது. ஆகவே ஆதரவை எந்த மதத்துக்கும் பிரித்துக் கொடுக்கலாம், மொத்தம் 100-க்கு மேல் போகாது, குறைத்தால் குறைத்த பக்கத்திலிருந்து பதில் வரும்.

ஜப்பான் இந்தப் பதிலின் கடுமையான வடிவம். போர்த் தலைவர் ஒடா நொபுநாகா 1571-இல் ஹியேய் மலையின் என்ரியகு-ஜி மடத்தை எரித்தார், ஒசாகாவின் இஷியாமா ஹொங்கன்-ஜியோடு 1570 முதல் 1580 வரை போராடினார். மடங்கள் அங்கே போட்டி அரசுகள். பின்னால் டோகுகவா அரசு 1614-இல் கிறிஸ்தவத்தைத் தடை செய்தபின், படிப்படியாக ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்தக் கோயிலில் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற முறை வந்தது. நேற்றைய எதிரி இன்றைய குடிமக்கள் பதிவேடு ஆனார். மத நிலப் பங்கு அதிகமாக இருக்கும் நாட்டில் மடப்படைகள் தோன்றட்டும், அடக்கிய பிறகு அவர்களை நிர்வாகமாக மாற்றும் ஒரு முடிவும் இருக்கட்டும்.

இன்னொன்று, இந்த மதத்துக்கு வணிகம் கூடுதல், அந்த மதத்துக்குப் படைபலம் கூடுதல் என்று பலனை மதத்தின் தலையில் கட்டாதீர்கள். வரலாற்றுப்படியும் தவறு, ஆடுகிறவர்கள் மனதையும் புண்படுத்தும். பலனை நிறுவனத்துக்குக் கட்டுங்கள்: பள்ளி நடத்தும் மடம், பதிவேடு வைக்கும் கோயில், கடன் கொடுக்கும் அறக்கட்டளை. எந்த மதமும் அந்த நிறுவனத்தைக் கட்டலாம்.

ஏஐ, வேகம், திரை

மேலே சொன்னதெல்லாம் பிளேயருக்கு மட்டும் வேலை செய்து ஏஐக்கு வேலை செய்யாவிட்டால் மாட் தோற்றுவிடும். ஏஐக்கு நுணுக்கம் கற்றுத்தர முயலாதீர்கள், இரண்டு மூன்று கரடுமுரடான விதி போதும். கடன் வருமானத்தின் இரண்டு மடங்கைத் தாண்டினால் பறிமுதல் செய். போரில் இருந்தால் உரிமை கொடு. அமைதியாக இருபது ஆண்டு ஓடி, கருவூலம் நிறைந்து, அரசர் பிடிவாதக்காரர் என்றால் கொடுத்த உரிமையை எடு. இந்த மூன்றே ஒவ்வொரு ஆட்டத்திலும் வேறு வேறு கதை தரும்.

யூரோப்பா 4-இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாகாணங்கள். எல்லாவற்றையும் ஒவ்வொரு மாதமும் கணக்கிட்டால் ஆட்டம் ஊர்ந்து போகும். ஆண்டுக்கு ஒருமுறை கணக்கிடுங்கள், சிறுபான்மை உள்ள மாகாணங்களுக்கு மட்டும் ஒரு கொடி வைத்து அவற்றை மட்டும் தொடுங்கள். கேமின் மூலக் கோப்புகளைத் திருத்தாமல் புதுக் கோப்புகளில் எழுதுங்கள், அடுத்த அப்டேட்டில் உடைவது குறையும். மொழிக் கோப்புகளை யூடிஎஃப்-8 பிஓஎம் முறையில் சேமிக்காவிட்டால் திரையில் வரவேண்டிய எழுத்து வராது, இதில் பலர் ஒரு மாலையையே தொலைத்திருக்கிறார்கள்.

திரையில் தெரியாத எண் இல்லாத எண். மாகாணத்தைத் தொட்டால் மூன்று வரி வரட்டும்: சிறுபான்மை எது, எத்தனை சதவீதம், இந்த ஆண்டு ஏன் நகர்ந்தது. அந்த ஏன் என்ற வரியில் காரணம் பெயரோடு இருக்க வேண்டும், மதகுருமார் பற்றாக்குறை, தனி வரி, பக்கத்து மாகாணத்தின் அச்சகம் என்று.

கடைசியாகச் சோதனை. கன்சோலில் அப்சர்வ் முறையைப் போட்டு, யாரும் ஆடாமல் ஐந்து ஆட்டங்களை நூற்றைம்பது ஆண்டு ஓட விடுங்கள். ஐந்தும் ஒரே மத மேப்பில் முடிந்தால் வேகம் அதிகம், ஐந்திலும் தொடக்க மேப்பே மிஞ்சினால் அழுத்தம் போதாது. ஐந்தில் ஒன்றில் சீர்திருத்தம் பிறக்காமலே போக வேண்டும், ஒன்றில் கட்டுக்கடங்காமல் பரவ வேண்டும். அப்புறம் நீங்களே பழையபடி ஆட்டோமன் பேரரசை எடுத்து, அதே நோட்டோடு உட்காருங்கள். நான் இப்படி ஆடியபோது 1520 வரை பால்கனில் ஒரு மிஷனரிகூட அனுப்பவில்லை, ஜிஸியா வருமானம் கப்பல்படைக்குப் போய்க்கொண்டிருந்தது. பேட்ரியார்க்கை மாற்றலாமா என்ற யோசனையில் ஒரு போரையும் தள்ளிப் போட்டிருந்தேன். நோட்டில் அதற்குள் பதினொரு வரிகள்.